மேனிஃபெஸ்டில் நான் போட்ட எடை

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை, கோவிலில் கொடுத்த கல்யாண ஃபாரத்தை நீ என் மேசைமேல் வைத்து, "நீங்களே எழுதிடுங்கப்பா, உங்க கையெழுத்துதான் பிரிண்ட் போட்ட மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாய். கிள்ளானில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் முப்பத்தொரு வருஷம் ஃபாரம் நிரப்பியே ஓய்ந்துபோன ஒரு கிராணிக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடைக்கப் போவதில்லை. மறுநாள் காலையில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். உன் பெயரின் முதல் எழுத்தைக்கூட எழுத முடியவில்லை. ஃபாரம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அதற்குப் பதிலாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். இதன் பிரதியை உன் மாமாவோடு துறைமுக வார்ஃபில் வேலை செய்து இன்னும் உயிரோடு இருக்கிற மூன்று பேருக்கும் அனுப்புகிறேன். பத்திரிகைக்காரர்கள் போட விரும்பினால் போட்டுக்கொள்ளட்டும். அவர் மேல் பழி ஊரறிய விழுந்தது, அதை எடுப்பதும் ஊரறியத்தான் நடக்க வேண்டும். உன் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாய், நானும் அதைச் சாக்காக வைத்துச் சும்மா இருந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

அதே ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் ஒன்று கேட்டேன். மணமேடைக்கு உன்னை மாலை போட்டு அழைத்து வர வேண்டியது தாய்மாமன், பிரிக்ஃபீல்ட்ஸ் போய்க் குமரேசன் மாமாவுக்குத் தட்டு வைத்து அழைத்தாயா என்று. நீ கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னாய். "வேணாம்ப்பா. குடிச்சிட்டு வந்து நிப்பாரு, பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடி அசிங்கமா போயிடும் லா. பேப்பர்ல போட்டிருந்த வெயிட்டைக்கூட ஒழுங்கா பார்க்காம காலை உடைச்சிக்கிட்ட ஆளு அவரு." நீ காரை எடுத்துக்கொண்டு செந்தூலுக்குப் போன பிறகும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்தக் கடைசி வாக்கியம் உன்னுடையது இல்லை. அதை உன் வாயில் வைத்தவன் நான். உனக்கு ஏழு வயது இருக்கும்போது, மாமா ஏன் நொண்டுகிறார் என்று நீ கேட்டபோது, கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில்தான் பதில் சொன்னேன்.

வார்த்தைகளை உனக்குக் கற்றுக் கொடுத்ததில் எனக்கு எப்போதுமே ஒரு கர்வம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் கொமுட்டர் ரயில் பிடித்துக் கடைசி ஸ்டேஷனில் இறங்குவோம். ஜெட்டி ஓரம் நின்று கப்பல்களைக் காட்டுவேன். இடது பக்கம் போர்ட், வலது பக்கம் ஸ்டார்போர்ட். கயிறு என்று சொல்லாதே, லைன் என்று சொல். கப்பலின் சமையலறைக்கு கேலி என்று பெயர். நீ வீட்டுக்கு வந்ததும் சோபாவின் இடது பக்கத்தைப் போர்ட் என்பாய், உன் அம்மா சிரிப்பாள். "சோறு பொங்குற இடத்துக்கு எந்தப் பேரு வச்சா என்ன, நான்தான பொங்கணும்" என்பாள். சில வாரம் உன் மாமா ஷிஃப்ட் முடிந்து அங்கேயே வந்து சேர்ந்துகொள்வார். அவர் வார்ஃபில் ஒரு கேங்குக்கு மண்டோர், பன்னிரண்டு பேர் அவர் கையசைவைப் பார்த்து வேலை செய்தார்கள். உன்னைத் தலைக்கு மேலே தூக்கி, "ஆரியா, ஆரியா" என்று சொல்லி மெதுவாகத் தரையில் இறக்குவார். சரக்கை இறக்கும்போது வின்ச்காரனுக்குச் சொல்கிற சொல் அது. நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். எனக்கு எரிச்சலாக இருக்கும். "அது இங்கிலீஷும் இல்ல, தமிழும் இல்ல. பிள்ளைக்கு ஒழுங்கான வார்த்தையைச் சொல்லிக் குடு" என்று ஒருமுறை அவரிடம் சொன்னேன். அவர் "சரி மச்சான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த முறை உன்னைத் தூக்கியபோது வாயைத் திறக்காமல் இறக்கிவிட்டார். ஏர்கான் அறையில் உட்கார்ந்து டைப் அடிக்கிறவன், வெயிலில் இரும்பு தூக்குகிறவனைவிட மேல் என்று நான் உள்ளூர நம்பினேன். பிறகு நடந்தது அந்த நம்பிக்கையின் துணையில்லாமல் நடந்திருக்காது.

நீ இன்று மெரின் சர்வேயர். பங்சார் ஆபீசிலிருந்து இறங்கி வந்து, அடிபட்ட சரக்கைப் பார்த்து, யார் தவறு என்று ரிப்போர்ட் எழுதுகிறாய். அதனால் உனக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் தொழிலின் வார்த்தைகளில் பாதி, பொருளுக்குப் பெயர் வைப்பதற்காக. மீதிப் பாதி, பழியை அடுத்தவன் தலையில் இறக்கி வைப்பதற்காக. கப்பல்காரன் தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் 'உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுவது' என்று ஒரு வரி அடிப்போம். பெட்டிக்குள் கல் இருந்தாலும் கப்பல்காரனைக் கேட்க முடியாது. 'ஏற்றியவர் எண்ணியபடி' என்று இன்னொன்று. குறைந்தால் எங்களுக்குத் தெரியாது. 'கடவுளின் செயல்' என்றுகூட ஒன்று வைத்திருக்கிறார்கள், அதில் கடவுளே மாட்டிக்கொள்வார். இவற்றை நான் உனக்குப் பெருமையோடு விளக்கியிருக்கிறேன். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பார் என்று. ஆளை நசுக்கும் காகிதம் எப்படித் தயாராகிறது என்பதை மட்டும் விளக்கவில்லை. இப்போது விளக்குகிறேன்.

ஒரு பழைய எண்ணெய் ஆலையிலிருந்து பிரித்தெடுத்த இயந்திரம், மரப்பெட்டியில் அடைத்து வெளியூருக்குப் போகிறது. ஏற்றுமதிக்காரன் அனுப்பிய பட்டியலில் இரண்டு பத்தி. ஒன்று இயந்திரத்தின் எடை மட்டும், மூன்றரை டன். அடுத்தது பெட்டி, இரும்பு அடித்தளம், கூடவே அடைத்த உதிரிபாகம் எல்லாம் சேர்த்து, ஐந்தே கால் டன். கப்பலில் ஏற்றும் சரக்கின் பட்டியலான மேனிஃபெஸ்டில் இரண்டாவது பத்தியைத்தான் போட வேண்டும். முதல் நாள் வேலைக்குச் சேர்ந்த பையனுக்குச் சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு மத்தியானம் கப்பலின் சரக்குக் கணக்கை மூடும் அவசரம், நாற்பது பக்கம் அடித்துக்கொண்டிருந்தேன். கண் ஒரு பத்தி நகர்ந்துவிட்டது. மூன்றரை என்று அடித்தேன். மறுநாள் காலையில் அந்த மேனிஃபெஸ்டின் பிரதி மண்டோரின் கைக்குப் போனது. உன் மாமா அதைப் பார்த்து, மூன்றரை டன்னுக்கு ஏற்ற வயர் ஸ்லிங்கை, பெட்டியைத் தூக்கும் கம்பி வடத்தை, கட்டச் சொன்னார். பழைய வயர். பெட்டி கப்பலின் விளிம்புக்கு மேலே ஏறும்போது அறுந்தது. கீழே நின்ற இரண்டு பேரைத் தள்ளிவிட்டுத் தானும் விலகப் பார்த்தவருக்கு வலது கால் மட்டும் மாட்டிக்கொண்டது.

இதுவரைக்கும் நடந்தது தவறு. மனிதன் செய்கிற தவறு. அன்றைக்கே வாய் திறந்து சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும், ஒரு கேஸ் நடந்திருக்கும், அவ்வளவுதான். பதினொரு மணிக்கு மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். என் பட்டியலையும் ஏற்றுமதிக்காரனின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். "கரெக்‌ஷன் ஒண்ணு இஷ்யூ பண்ணிடுங்க. அப்புறம் டேட் விஷயம், யூ நோ வாட் டு டூ லா" என்றார். மேனிஃபெஸ்டில் தவறு இருந்தால் திருத்த அறிவிப்பு அனுப்புவது எங்கள் தொழிலில் சாதாரணம், வாரத்துக்கு நாலு அனுப்புவோம். அவர் வேறெதுவும் சொல்லவில்லை. என்னை மிரட்டவும் இல்லை. நான்தான் என் மேசைக்குப் போய், தேதி போடும் ரப்பர் சாப்பை எடுத்து, அதன் சக்கரத்தைக் கட்டைவிரலால் ஒரு நாள் பின்னுக்குத் தள்ளினேன். ஐந்தே கால் டன் என்று திருத்தி, நேற்றைய தேதி குத்தினேன். வார்ஃப் ஆபீசுக்கு நானே போய்க் கோப்பில் சேர்த்தேன். விபத்தில் எல்லோரும் கலங்கிப்போய் நின்றார்கள், யாரும் என்னைக் கவனிக்கவில்லை. மண்டோரின் பிரதி மட்டும் கிடைக்கவில்லை. ரத்தத்தில் ஊறி எங்காவது போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது தம்பி. அதையும் எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் உன் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் தம்பியின் சட்டை, பெல்ட், சாவி எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அவளிடம் கொடுத்திருந்தார்கள், அதை மடியில் வைத்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் என் கையைப் பார்த்தாள். கட்டைவிரலில் நீல மை. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நீங்க அடிச்ச பேப்பர்ல எவ்வளவு எடைன்னு போட்டிருந்தீங்க?"

"அஞ்சே கால் டன். சரியாத்தான் போட்டிருந்தேன். இவன்தான் பார்க்கல."

அவள் மடியிலிருந்த பையின் வாயை முடிச்சுப் போட்டாள். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "கேன்டீன் மூடிடுவாங்க, போய் சாப்பிடுங்க" என்றாள். நான் போய்ச் சாப்பிட்டேன். மீ கோரிங். இன்று வரை அதன் ருசி எனக்கு ஞாபகம் இருக்கிறது, அந்தச் சாப்பாடு எனக்கு எப்படி உள்ளே இறங்கியது என்பதுதான் புரியவில்லை.

விசாரணையில், திருத்திய எடை முதல் நாளே வந்திருந்தும் மண்டோர் கவனிக்கவில்லை என்று எழுதினார்கள். உன் மாமா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவரிடம் காட்ட ஒன்றும் இல்லை, அதனால் வாயடைத்துப் போனார் என்று நினைத்தேன். வேலை போனது. கால் முழங்காலுக்குக் கீழே சரியாகவே இல்லை. பேச வந்திருந்த பெண் வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். குடிக்க ஆரம்பித்தார். அவர் குடிக்க ஆரம்பித்ததும் எனக்கு வசதியாகிவிட்டது. அன்றைக்கும் குடித்திருப்பார் என்று யாராவது சொன்னால் நான் மறுக்கவில்லை. தீபாவளிக்கு அவர் வந்து வாசலில் நின்றபோது, பிள்ளை இருக்கிற வீடு என்று சொல்லி வெளியிலேயே பேசி அனுப்பினேன். நீ ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

வீட்டிலும் ஒன்று மாறியது, நீயும் கவனித்திருப்பாய். அதுவரை எந்தக் காகிதம் வந்தாலும் உன் அம்மா என்னிடம்தான் நீட்டுவாள். தண்ணீர்ப் பில்லைக்கூட நான் ஒருமுறை படித்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு உன் பள்ளிக்கூட ஃபாரம் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டு மேரி ஆன்டியிடம் கொண்டு போக ஆரம்பித்தாள். உன் ஐசி அடையாள அட்டை விண்ணப்பம், யூனிவர்சிட்டி விண்ணப்பம், கடைசியில் அவளுடைய டயாலிசிஸ் ஃபாரம்கூட. ஒரு கப்பல் கம்பெனி கிராணியின் பெண்டாட்டி, ஓய்வு பெற்ற நர்ஸிடம் போய் ஃபாரம் நிரப்புகிறாளே என்று எனக்கு மானம் போகும். கேட்டால், "உங்களுக்கு ஆபீஸ்லயே நிறைய எழுத்து வேலை, வீட்டுலயும் எதுக்கு" என்பாள். நானும் உன்னிடம் அவளைப் பற்றிக் கிண்டலாகச் சொல்லியிருக்கிறேன், உங்கம்மாவுக்கு என் இங்கிலீஷ் மேல நம்பிக்கை இல்லடா என்று. நீ சிரித்தாய். அவள் அடுப்படியில் இருந்தாள், அவள் காதில் விழுந்திருக்கும்.

நீ வந்துவிட்டுப் போன மறுநாள், ஃபாரத்தை எழுத முடியாமல் எழுந்து, கொமுட்டர் பிடித்து கேஎல் சென்ட்ரலில் இறங்கி பிரிக்ஃபீல்ட்ஸுக்கு நடந்தேன். உன் மாமா அங்கே ஒரு கார் பார்க்கில் ஜாகா, காவல்கார வேலை பார்க்கிறார். குடையடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், அந்தக் காலோடு. இன்னொரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, பக்கத்துக் கடையில் தே தாரேக், பால் டீ சொன்னார். வாயில் வாடை இருக்கிறதா என்று நான் முகர்ந்து பார்த்தேன். வெட்கமில்லாமல் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "விட்டு நாலு வருஷம் ஆச்சு மச்சான். அக்காவுக்கு உடம்பு முடியாம போனப்பவே விட்டுட்டேன்" என்றார். உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உன் அம்மா இறந்துபோன அன்று அவர் நம் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றதைப் பார்த்து, குடித்திருப்பதால்தான் உள்ளே வரவில்லை என்று நாம் பேசிக்கொண்டோம்.

சொல்ல வந்ததைச் சொன்னேன். பத்தி மாறியது, சாப், தேதி, எல்லாம். சொல்லி முடிக்கும்வரை அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கார் வெளியே போக வந்தது, எழுந்து கையசைத்துப் பின்னுக்கு வரவைத்து அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்து, அதற்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. பழுப்புக் கறை. நான் அடித்த மேனிஃபெஸ்ட். மூன்றரை டன்.

"சட்டையிலதான் இருந்துச்சு மச்சான். ஆஸ்பத்திரியில சட்டையை அக்காகிட்ட குடுத்துட்டாங்க. அவ எடுத்துப் பார்த்துட்டா. அப்புறம்தான் உங்ககிட்ட கேட்டிருக்கா."

எனக்கு முதலில் அவர் சொன்னது பிடிபடவில்லை. அவரே மறுபடியும் சொன்னார்.

"நீங்க அஞ்சே காலுன்னு சொன்னப்ப, இந்தப் பேப்பர் அக்கா மடியிலதான் இருந்துச்சு. மூணாம் நாள் எனக்கு நினைவு வந்ததும் கொண்டு வந்து கையில வச்சா. காட்டாதன்னு சொல்லல, காட்டுன்னும் சொல்லல. 'நீயே முடிவு பண்ணிக்க'ன்னு சொல்லிட்டு வெளிய போய் நின்னுக்கிட்டா. அவளுக்கு ஒரு புருஷன், ஒரு பிள்ளை. எனக்கு யாரும் இல்ல. முடிவு பண்ணிட்டேன்."

தே தாரேக் ஆறிப்போய் ஏடு படிந்துவிட்டது. நான் மன்னிப்புக் கேட்டேனா என்று கேட்பாய். கேட்டேன். அவர் "விடுங்க மச்சான்" என்றார். அது மன்னிப்பு இல்லை, அடுத்த கார் வந்துவிட்டது. கல்யாணத்துக்கு வரச் சொன்னேன். "நீங்க கூப்பிட்டா வரமாட்டேன். பையன் வந்து கூப்பிட்டா வரேன்" என்றார். திரும்பி வரும்போது ரயிலில் உட்கார இடம் இருந்தது. நான் கிள்ளான் வரை நின்றுகொண்டே வந்தேன்.

அந்த விபத்துக்குப் பிறகு இருபத்து மூன்று வருஷம் உன் அம்மா எனக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்தாள். ஒருநாளும் குத்திக் காட்டவில்லை. எழுத்து சம்பந்தப்பட்ட எதையும் மட்டும் என் கைக்குத் தரவில்லை. நான் அதை அவளுடைய அறியாமை என்று நினைத்துக் கேலி செய்துகொண்டிருந்தேன். அவளிடம் போய்ச் சொல்வதற்கு இனி வழியில்லை. அவளிடம் சொல்லாமல் உன்னிடம் சொல்வதில் எனக்கு ஒரு சுகமும் இல்லை. கசக்கிறது, அவ்வளவுதான். கசப்பை உனக்கும் கொஞ்சம் தருகிறேன், வேறு சீதனம் என்னிடம் இல்லை. இதில் புத்திமதி என்று ஏதாவது வேண்டுமென்றால், தவறு செய்தால் அதே தேதியில் ஒப்புக்கொள். உன் பெண்டாட்டி ஒரு கேள்வி கேட்டால், பதில் தெரியாமல் கேட்கிறாள் என்று எண்ணிக்கொள்ளாதே. உன் ரிப்போர்ட்டில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதப் போகும்போது, பேனாவை வைத்துவிட்டு ஒருமுறை வார்ஃபுக்கு இறங்கிப் போய் வா.

மாமா தந்த அந்தக் காகிதம் இதோடு இருக்கிறது. என் வார்த்தையை நம்ப வேண்டாம். கறையைப் பார், எழுத்தைப் பார், உனக்குத் தெரிந்த வேலைதானே. பார்த்துவிட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துக்கொண்டு நீ தனியாக பிரிக்ஃபீல்ட்ஸ் போ. கார் பார்க் பகல் நேரத்தில் கூட்டமாக இருக்கும், காத்திரு. அவர் எழுந்து நிற்பார், நிற்க விடாதே. மேடையில் அவர் இருக்க நான் இருப்பது உனக்கு உறுத்தினால், நான் கீழே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். அவரை மட்டும் கீழே உட்கார வைக்காதே.

காலி ஃபாரத்தையும் உள்ளே வைத்திருக்கிறேன். மணமகன், மணமகள், பெற்றோர், சாட்சிகள், எல்லாக் கோடும் அப்படியே இருக்கின்றன. இதைப் படித்த பிறகும் நான்தான் நிரப்ப வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் கொண்டு வந்து கொடு. இல்லையென்றால் பக்கத்து வீட்டு மேரி ஆன்டியிடம் கொடு. அவருக்கு இன்னும் கண் நன்றாகத் தெரிகிறது.

அப்பா